எடைமேடை ஏவிஸ்

இங்கிலாந்தின் லட்லோ கால்நடைச் சந்தையில் ஏவிஸ் பார்ஜிட்டரைத் தெரியாதவர்கள் கிடையாது. எடைமேடையை ஒட்டியிருந்த மரக்கூண்டுக்குள் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள். வாயிலில் நுழையும் காளையை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். காளை மேடையேறி முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவாள். ஒன்றிரண்டு கிலோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

விவசாயிகள் அவளைச் சும்மா விடமாட்டார்கள். "என் பொண்டாட்டி எவ்வளவு தேறுவா, சொல்லு பாப்போம்" என்று எவனாவது ஜன்னலில் தலையை நீட்டுவான்.

"சொல்லிடுவேன். அப்புறம் உனக்கு இன்னைக்கு வீட்ல சாப்பாடு கிடைக்காது" என்பாள் நிமிர்ந்து பார்க்காமலே.

அவள் கணவன் லயனல் மரவாடியில் லாரி ஓட்டினான். வாரம் முழுக்க லாரி; ஞாயிற்றுக்கிழமையானால் அந்தச் சின்னப் பச்சை வண்டி. போருக்கு முந்தைய காலத்து இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த எலும்புக்கூடாக அதை வாங்கிவந்து, கல்யாணமான புதிதில் இருவருமாக நிமிர்த்தி எடுத்தார்கள். ஹாலின் மேட்டுக்குப் போகும் காட்டுப்பாதையில் வருடத்துக்கு ஏழெட்டு முறை மலையேற்றப் போட்டி நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு வண்டி, அடியிலிருந்து உச்சிவரை, கடிகாரத்தோடு பந்தயம். லயனல் பெரிதாகக் கோப்பை எதுவும் ஜெயித்ததில்லை. ஆனால் அவன் ஏறுவதைப் பார்க்க வேலியோரம் ஆட்கள் நிற்பார்கள். வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும்.

அப்படிப் போக வைத்தது ஏவிஸ். சந்தையில் பழைய மூட்டைத் தராசுகளைக் கழித்துக்கட்டியபோது நான்கைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டுப் பின்புறக் கொட்டகையில் சமதளம் பார்த்துப் பதித்தாள். சக்கரத்துக்கு ஒரு தராசு. நான்கு மூலையிலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்று பார்த்து, பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் செருகியும் உருவியும் சரிசெய்வாள். எதிரெதிர் மூலைகளின் கணக்கு ஒத்துவந்தால்தான் வண்டி இடமும் வலமும் ஒரேமாதிரி திரும்பும். ஸ்பிரிங் துள்ளலை அடக்கும் உராய்வுத் தகடுகளின் நட்டையும் அவள்தான் முடுக்குவாள். கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று.

இதெல்லாம் ஓட்டுபவன் இருக்கையில் இருக்கும்போது பார்க்கவேண்டிய வேலை. லயனலோ ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார மாட்டான். மூக்கைச் சொறிவான், பாட்டுப் பாடுவான், எட்டி ஸ்பேனரை எடுப்பான். நான்கு முள்ளும் ஆடும். பொறுத்துப் பார்த்த ஏவிஸ் ஒருநாள் அவனையே தராசில் நிறுத்தி, தொண்ணூற்றைந்து கிலோவுக்குத் தீவனச் சாக்குகளில் மணல் நிரப்பி, இருக்கையில் வார்போட்டுக் கட்டிவைத்தாள். அவன் கால் நீளும் இடத்துக்கும் ஒரு சின்ன மூட்டை போனது.

லயனல் அதைப் பார்த்துவிட்டு, "என்னோட தம்பியா?" என்றான்.

"உன்னைவிட ஒழுக்கமா உக்காந்திருக்கான். பேச்சும் கிடையாது."

அன்றிலிருந்து கொட்டகையில் எடை பார்க்கும்போதெல்லாம் தம்பிதான் வண்டிக்குள் இருப்பான். லயனல் வெளியே பெட்டிமேல் உட்கார்ந்து தேநீர் குடிப்பான். மேட்டில் ஒருமுறை ஏறி இறங்கியதும் அவன் கைகளை ஆட்டிச் சொல்லும் கதையைக் கேட்டு, எந்த நட்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவள் புரிந்துகொள்வாள். அவளுக்கு வேகமாக ஓட்டத் தெரியாது, அவனுக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. முப்பது வருடக் குடித்தனத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது இந்த விஷயத்தைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு லயனல் இறந்துபோனான். கணையத்தில் புற்று. இலையுதிர் காலத்தில் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு நாட்கள் வேகமாக ஓடிவிட்டன.

ஹாலின் மேட்டு கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால், அடுத்த வசந்தத்தின் முதல் போட்டியன்று காலையில் அவருடைய வண்டிதான் முதலில் மேடு ஏறும். கடிகாரம் ஓடாது. அது உச்சி சேரும்வரை யாரும் எஞ்சினைக் கிளப்பமாட்டார்கள். வீட்டிலிருந்து யாராவது ஓட்டுவதுதான் மரியாதை. மகள் கொரின் பிரிஸ்டலிலிருந்து தொலைபேசியில், "நான் ஓட்டுறேம்மா" என்றாள். ஏவிஸுக்கு அந்தக் குளிர்காலத்தில் படுக்கையைவிட்டு எழுந்துகொள்ள ஒரு காரணம் கிடைத்தது. வண்டியைத் தயார் செய்யவேண்டும். ஏற்கெனவே ஒருவரைப் புதைத்தாயிற்று. மகள் பத்திரமாக மேலே போய்ச் சேரவேண்டும்.

மார்ச்சில் கொரின் வந்தபோது ஏவிஸ் கொட்டகையைத் திறந்து, மணல் மூட்டையின் வாரில் கை வைத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"நீ உக்காரு. உன் எடைக்கு மாத்தணும்."

"வேணாம்மா. அப்பா வண்டி அப்பா வெச்ச மாதிரியே இருக்கட்டும். ஒரே ஒரு தடவை ஏறப்போறேன். கடிகாரம்கூட இல்ல."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஏவிஸ் திட்டியிருப்பாள். ஆனால் அவளுக்கும் லயனலுக்காக வைத்த கணக்கைக் கலைக்க மனம் வரவில்லை. மகள் சொன்னதைச் சாக்காக எடுத்துக்கொண்டாள். டயர் காற்றை மட்டும் சரிபார்த்து, மகளோடு சேர்ந்து மூட்டைகளைப் பிரிக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெட்டிமேல் வைத்தாள். லயனல் தேநீர் குடித்த அதே பெட்டி.

மறுநாள் பழைய விமானத்தளத்தில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். போரின்போது போட்ட ஓடுபாதை, இப்போது ஆடுகள் மேயும் இடம். டென்சில் யாப்பும் கூட வந்தான். ஊரில் சேணம் தைப்பவன். கிளப்பில் போட்டிக்குமுன் வண்டிகளைச் சோதித்து அனுமதி கொடுப்பவன். லயனலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தோழன்.

"வேகமா போகாத புள்ள" என்றான் கொரினிடம். "செத்தவன் வண்டியை உடைச்சா கிளப்ல அபராதம்."

"எவ்வளவு?"

"எல்லாருக்கும் நீதான் பீர் வாங்கித் தரணும்."

கொரின் நன்றாகவே ஓட்டினாள், அப்பனின் கை. இடது வளைவுகளில் வண்டி அழகாக வந்தது. கோடியில் வலதுபக்கம் திருப்பியபோது பின்பக்கம் மெல்ல விலகியது. அவள் திருத்தினாள். அடுத்த முறை கொஞ்சம் வேகம். பின்பக்கம் சட்டென்று வெளியே வீசி, வண்டி முழு வட்டமடித்துப் புல்லில் போய் நின்றது. ஆடுகள் சிதறின. ஏவிஸ் ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கொரினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்க முயன்றாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஏவிஸ்.

"இடதுபக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி வருதும்மா. வலதுபக்கம் ஒடிச்சா, யாரோ பின்னாடி நின்னு வாலைப் பிடிச்சு வெளிய இழுக்கிற மாதிரி இருக்கு. மேடுபள்ளத்துல வேற பின்பக்கம் காலிக்கூடை மாதிரி துள்ளுது."

ஏவிஸ் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

போன ஜூனில் லயனல் சொன்ன வார்த்தைகள் இவை. அந்தக் கூடை உட்பட.

அந்தக் கோடை முழுவதும் அவன் மேட்டிலிருந்து இறங்கிவந்து அதையேதான் சொன்னான். வலது வளைவில் வால் விலகுகிறது, பின்பக்கம் துள்ளுகிறது. அவள் உராய்வுத் தகடுகளை மாற்றினாள். டயரில் காற்றைக் குறைத்தாள், ஏற்றினாள். கொல்லனிடம் கொடுத்து ஸ்பிரிங் பட்டையை வளைத்து வாங்கினாள். ஆக்சில் கோணலோ என்று நூல் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தம்பியை இருக்கையில் கட்டி நான்கு முள்ளையும் பார்த்தால், கணக்கு பிசகில்லாமல் இருந்தது. கடைசியில் பொறுமையிழந்து எல்லாவற்றையும் பழையபடியே வைத்துவிட்டு, "தராசு பொய் சொல்லாது லயனல். வண்டி சரியாத்தான் இருக்கு. உனக்குத்தான் வயசாயிடுச்சு" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். "இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு அந்த வருடம் அவன் வண்டியைப்பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லை. மெதுவாக ஓட்டத் தொடங்கினான்.

வீடு திரும்பியதும் ஏவிஸ் வண்டியைத் தராசுகளில் ஏற்றச் சொன்னாள். கொரினை இருக்கையில் உட்காரவைத்துப் பார்த்தாள். பின்வலது முள் மிகவும் கீழே கிடந்தது. எடை குறைந்த ஆள் உட்கார்ந்தால் அந்த மூலைதான் முதலில் லேசாகும். வலதுபக்கம் திரும்பும்போது வால் பிடியை விட்டுவிடும். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

டென்சில் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"யாப்" என்றாள், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன கோடையில லயனல் இளைச்சிருந்தானா?"

அவன் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"மே மாசம் பெல்ட்டுல ஓட்டை போடச் சொல்லிக் கடைக்கு வந்தான். போட்டுக் கொடுத்தேன். ஜூன் கடைசியில திரும்ப வந்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது ஏவிஸ்? போட்டியன்னைக்கு எல்லார் முன்னாடியும், இத்தனை வருஷமா வண்டியில ஓட்டை போட்டுப் போட்டு எடையைக் குறைச்சேன், இனிமே போட எடம் இல்ல, அதான் என்னையே குறைக்கிறேன்னான். நான் கைதட்டுனேன். கிளப்பே கைதட்டுச்சு. நீயும் அங்கதான் இருந்த."

இருந்தாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மலையேற்றக்காரர்களுக்கு எடை என்றால் பகை. பெடலில் ஓட்டை போடுவார்கள், கதவுப்பிடியைக் கழற்றுவார்கள். போட்டிக்குமுன் நகம் வெட்டிக்கொள்ளும் ஒருவன்கூட அங்கே உண்டு. அவர்கள் நடுவில் ஒருவன் மெலிந்து வந்தால் தோளில் தட்டிக்கொடுப்பார்கள், எப்படி முடிந்தது என்று பொறாமையோடு கேட்பார்கள். அன்று மதிய உணவுக் கூடாரத்தில் லயனல் எழுந்து நின்று வயிற்றை உள்ளிழுத்துக் காட்டினான். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அவளும் தட்டினாள். அவன் இறைச்சிப் பணியாரத்தைப் பாதியில் ஒதுக்கிவைத்ததைப் பார்த்து, கட்டுப்பாடு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டாள். நான்கைந்து கிலோ குறைந்திருப்பான் என்று நினைத்தாள். அந்த நான்கைந்து கிலோவுக்காக மூட்டையை அவிழ்ப்பானேன் என்றும் நினைத்தாள்.

ஏவிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஜூன் மாதத்து லயனலை, அந்தக் கூடாரத்திலிருந்து கைப்பிடித்துக் கூட்டிவந்து, சந்தை வாயிலில் நிறுத்தினாள். தன் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் தெரிந்தது. தொளதொளத்த கழுத்துப்பட்டி, சட்டைக்குள் தனியாக நின்ற தோள் எலும்பு, காற்சட்டையின் பின்பக்கத்தில் விழுந்திருந்த மடிப்பு.

"எழுபத்தெட்டு" என்றாள்.

"என்னம்மா?" என்றாள் கொரின்.

"உங்க அப்பா. ஜூன்ல எழுபத்தெட்டு கிலோ இருந்தான். பதினேழு கிலோ. ஒரு செம்மறிக்குட்டி அளவுக்கு எடை என் வீட்டைவிட்டு வெளிய நடந்துபோயிருக்கு, எனக்குத் தெரியல. தெருவுல போற மாட்டையெல்லாம் எடை போட்டேன்."

கொரின் வண்டியிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் முள் ஆடும் என்று சின்ன வயதில் கற்றது. செப்டம்பரில் வீட்டுக்கு வந்து, அப்பாவைக் கதவருகில் பார்த்ததும், "என்னப்பா இப்படி ஆயிட்டீங்க" என்று கத்தியவள் அவள்தான். டாக்டரிடம் இழுத்துப்போனதும் அவள்தான். அம்மாவின் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று அவள் அப்போது கேட்கவில்லை, அதன்பிறகும் கேட்டதில்லை. கேட்காமலே இருந்தது இருவருக்கும் நடுவில் குளிர்காலம் முழுவதும் கிடந்தது.

"தினமும் பாக்குறவங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள் இப்போது.

"வண்டிக்குத் தெரிஞ்சுது. அது வாராவாரம் சொல்லுச்சு. அவன் வாயாலயே சொல்லுச்சு. நான் அவனைப் பாத்து வயசாயிடுச்சுன்னேன்."

டென்சில் தொண்டையைச் செருமினான். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கும் ஏவிஸ். தெரியாமலா ரெண்டு தடவை பெல்ட்டைத் தூக்கிட்டு வந்தான்? அவன்தான் மறைச்சான். நீ ஏன் அதைத் தூக்கிச் சுமக்கிற."

"மறைச்சான் சரி. மறைக்கிறது எங்க வீட்ல சுலபமா இருந்திருக்கு, அதான்."

டென்சில் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கொரின் மட்டும் இருந்தாள். ஜூனிலேயே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்கலாம். அவர் ஏதாவது சொல்வார். இல்லை என்றால் அது தன்னைத் தேற்றுவதற்காகவா என்று யோசிக்கவேண்டும். ஆமாம் என்றால் அதோடு வாழவேண்டும். ஏவிஸ் அதைக் கேட்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவை அவள் பின்னால் மாற்றவும் இல்லை.

"நான் ஓட்டல போ" என்றாள் கொரின். "டென்சில் ஓட்டட்டும். இல்லன்னா வண்டி போகவே வேணாம்."

ஏவிஸ் அவளைப் பார்த்தாள். நெற்றி, தோள், இடுப்பு, கால் என்று நிதானமாகப் பார்த்தாள். கொரினுக்குக் கூச்சமாக இருந்தது.

"அறுபத்தி மூணு" என்றாள் ஏவிஸ். "போன வருஷம் அறுபத்தேழு இருந்த. ஒழுங்கா சாப்பிடுறியா?"

"நாலு மாசமா யாரும்மா ஒழுங்கா சாப்பிட்டா?"

"சாப்பிடணும். அசையாம உக்காரு. மூக்கைச் சொறியாத."

அன்று மதியம் முழுக்க வேலை நடந்தது. பின்வலதில் ஒரு தகடு செருகி, முன்வலதில் ஒன்றை உருவினாள். முள்ளைப் பார்த்தாள், திரும்ப உருவினாள். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையையே கழற்றிவிட்டாள். லயனல் எடைக்குப் போட்ட பட்டை, இந்த எடைக்கு அது மிகவும் விறைப்பு. உராய்வுத் தகடுகளின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினாள். நடுவில் ஒருமுறை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தபடியே கொஞ்ச நேரம் அழுதாள். கொரின் அதைக் கேட்டுக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஸ்பேனர் மறுபடி நகரும் சத்தம் வந்தது. லயனலுக்காகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி, சாயங்காலத்துக்குள் அவனுடையதாக இல்லாமல் போனது.

விமானத்தளத்தில் இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தார்கள். வலது வளைவில் வால் பின்னாலேயே வந்தது.

போட்டி நாள் காலையில் தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது. காட்டுப்பாதை ஈரமாகக் கிடந்தது. கிளப் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்கள், எஞ்சின்கள் எல்லாம் அடங்கியிருந்தன. ஏவிஸ் எப்போதும் அடிவாரத்தில், வண்டிகள் நிற்கும் புல்வெளியிலேயே இருந்துவிடுபவள். லயனல் ஏறுவதை அவள் காதால் கேட்டிருக்கிறாளே தவிரப் பார்த்ததில்லை. அன்று அவள் டென்சிலின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி, பாதி மேட்டில் இருக்கும் பெரிய வலது வளைவின் ஓரமாகப் போய் நின்றாள்.

"இங்க நிக்காத, வேற எடம் பாக்கலாம்" என்றான் டென்சில்.

"இங்கதான் பாக்கணும்."

கீழே எஞ்சின் கிளம்பியது. மரங்களுக்குள் சத்தம் மறைந்து, திரும்பப் பெரிதாகி வந்தது. பச்சை வண்டி வளைவுக்குள் நுழைந்தது. ஏவிஸ் முகத்தைப் பார்க்கவில்லை, பின்வலது சக்கரத்தையே பார்த்தாள். சக்கரம் ஈரத்தில் ஒரு கணம் தேய்ந்தது, பிடித்தது, வண்டி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. பிறகுதான் அவள் மூச்சை விட்டாள். உச்சியில் யாரோ கொடியை ஆட்டினார்கள். கைதட்டல் இல்லை, அதுவும் அங்கே வழக்கம்தான். ஆண்கள் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

கொரின் இறங்கிவந்து புல்வெளியில் வண்டியை நிறுத்தியபோது ஏவிஸும் அங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

"வால் ஒண்ணும் பண்ணலம்மா. ஆனா மேல கடைசி வளைவுல ஸ்டியரிங் ரொம்பக் கனமா இருந்துச்சு. ரெண்டு கையாலயும் இழுக்க வேண்டியதாப்போச்சு."

முன்பக்க டயரில் காற்று குறைவா, சக்கரக் கோணம் பிசகா என்று பார்க்கவேண்டியதுதான். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஏவிஸ் அந்நேரம் முழங்காலில் உட்கார்ந்திருப்பாள். அவள் மகளின் பக்கம் போய், "கையைக் காட்டு" என்றாள்.

"கைக்கு ஒண்ணுமில்லம்மா. வண்டிதான்."

"கையைக் காட்டு முதல்ல."

கொரின் கையுறையைக் கழற்றினாள். ஏவிஸ் இரண்டு மணிக்கட்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். விரல்களை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். வலிக்கவில்லை என்று கொரின் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல் இன்னொரு தரம் கேட்டாள். அதற்குள் அடுத்த வண்டியின் எஞ்சின் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தில் மகள் சொன்ன பதில் காதில் விழவில்லை. குனிந்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனாள்.